வழிகாட்டி ஒருவரின் உதவியுடன்

ஆரல்வாய்மொழிக்கு வடக்கே, காற்றாலைக் காத்தாடிகள் நிற்கும் பொட்டலைத் தாண்டி, காட்டு இலாகாவின் எல்லைக்குள் கூனிப்பொத்தை என்று ஒரு பாறைக்குன்று இருக்கிறது. அதன் மேற்குச் சரிவில் ஒரு குடைவு. உள்ளே காவி நிறத்தில் பழங்காலத்து மனிதர்கள் வரைந்த சித்திரங்கள். அந்த இடத்தைப் பற்றிப் பதினெட்டு வருடங்களுக்கு முன் ஒரு பத்திரிகையின் ஞாயிறு இணைப்பில் முழுப்பக்கக் கட்டுரை வந்தது. அதன்பிறகு பாறை ஓவியங்களைப் பற்றி எழுதியவர்கள் எல்லோரும் அதற்கு 'சிவதாணு குடைவு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். கட்டுரையை எழுதியவர் பெயர் சிவதாணு.

இப்போது அவருக்கு அறுபத்தெட்டு வயது. மின்வாரியத்தில் வருவாய்ப் பிரிவு உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தாழக்குடியில் சொந்த வீடு, அரை ஏக்கர் வயல், காலையில் கோயில், மாலையில் வாசகசாலை என்று நாட்கள் போய்க்கொண்டிருந்தன. வாசகசாலையில் யாராவது புதிதாக வந்தால், "சாரு பேருல ஒரு குகையே இருக்கு" என்று அறிமுகம் செய்வார்கள். அவர் சிரித்துக்கொண்டே பேப்பரைப் புரட்டுவார்.

தை மாதக் கடைசியில் ஒரு போன் வந்தது. பேசியவள் சிவப்ரியா. பல்கலைக்கழகம் ஒன்றில் தொல்லியல் துறை விரிவுரையாளர். தென்மாவட்டப் பாறை ஓவியங்களை எல்லாம் அளந்து, படம் எடுத்து, தொகுத்துக்கொண்டிருப்பதாகச் சொன்னாள்.

"காட்டுக்குள்ள போக ஒரே ஒரு நாள் அனுமதி கிடைச்சிருக்கு சார். வர்ற ஞாயிறு இல்ல, அடுத்த ஞாயிறு. நீங்க கூட வந்து இடத்தைக் காட்டினீங்கன்னா நல்லா இருக்கும். உங்களைத் தவிர யாருக்கும் வழி தெரியல."

"அதுக்கென்னம்மா, தாராளமா போவோம்" என்றார் சிவதாணு.

போனை வைத்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. அந்தக் குடைவுக்கு அவர் ஆயுளில் இரண்டே முறைதான் போயிருக்கிறார். இரண்டு முறையும் அவருக்கு முன்னால் ஜேசுதாஸ் நடந்து போனார். அவருடைய குதிகாலைப் பார்த்துக்கொண்டே ஏறியது மட்டும்தான் சிவதாணுவுக்கு நினைவிருந்தது. எந்த ஓடை, எந்தச் சரிவு, எங்கே திரும்பினார்கள், எதுவும் தெரியாது.

ஜேசுதாஸ் அதே மின்வாரியத்தில் லைன்மேன். மயிலாடிக்காரர். ஒருநாள் ஓவர்டைம் படிவத்தோடு சிவதாணுவின் மேசைக்கு வந்தவர், படிவத்தைத் திருப்பிப் பின்பக்கத்தைக் காட்டினார். மூன்று பலகைக்கல் நிமிர்ந்து நிற்க, மேலே ஒன்று மூடியிருப்பதுபோல் பென்சில் படம்.

"சாரு நெறைய வாசிப்பியன்னு சொன்னாவ. இது என்னதுன்னு தெரியுமா? டவர் லைன் போற வழியில கெடக்கு."

"கல்திட்டை வே. செத்தவங்களுக்கு வச்சது. ரெண்டாயிரம் வருசத்துக்கு மேல இருக்கும்" என்றார் சிவதாணு. அதுவரை அவர் அதைப் புத்தகத்தில் மட்டுமே பார்த்திருந்தார்.

அடுத்த ஞாயிறே இருவரும் கிளம்பினார்கள். சிவதாணு பஸ்ஸில் மயிலாடிக்குப் போய்விடுவார், ஜேசுதாஸ் சர்ச்சில் முதல் ஆராதனை முடித்து வந்து பைக்கை எடுப்பார். மலையடிவாரங்கள், குளத்தங்கரைகள், ரப்பர் எஸ்டேட்டுகள் என்று சுற்றினார்கள். புன்செயின் நடுவே ஆளுயரத்துக்கு நிற்கும் குத்துக்கல், குளம் தூர்வாரும்போது உடைந்து கிடந்த முதுமக்கள் தாழி, எஸ்டேட்காரர் மாட்டுத் தொட்டிக்குப் பக்கச் சுவராக வைத்திருந்த கல்லறைப் பலகை. கம்பி போகும் வழியெல்லாம் நடந்தவர் என்பதால் ஜேசுதாஸுக்குத் தெரியாத மேடு கிடையாது. பார்த்ததை எல்லாம் நோட்டில் வரைவார். சிவதாணு அதன் அடியில் நாலு வரி எழுதுவார். பன்னிரண்டு வருடம் அப்படிப் போனது.

கூனிப்பொத்தைக் குடைவை ஜேசுதாஸ் தனியாகத்தான் கண்டுபிடித்தார். மழைக்கு ஒதுங்கப் போனவர், தீக்குச்சி கிழித்தபோது பார்த்திருக்கிறார். மறுநாள் ஆபீசுக்கு வந்து, "சார், ஆளுவ நிக்காவ" என்று மட்டும் சொன்னார்.

கட்டுரையை சிவதாணு எழுதினார். முதல் பிரதியில் இரண்டு பேர் பெயரும் இருந்தது. சுத்தமாகத் திரும்ப எழுதும்போது அவருக்கு ஏதோ உறுத்தியது. ஆராய்ச்சிக் கட்டுரையில் லைன்மேன் என்று வந்தால் யாராவது மதிப்பார்களா என்று தோன்றியது. பெயரை எடுத்துவிட்டு, 'வழிகாட்டி ஒருவரின் உதவியுடன் இக்குடைவைக் கண்டடைந்தேன்' என்று எழுதினார். ஜேசுதாஸ் வரைந்த படத்தையும் சேர்த்து அனுப்பினார். படத்தின் கீழே 'கட்டுரையாளர் வரைந்தது' என்று அச்சாகி வந்தது. அதை அவர் எழுதவில்லை, பத்திரிகைக்காரர்கள் போட்டது. ஆனால் திருத்தம் கேட்டு அவர் கடிதமும் போடவில்லை. இரண்டு மாதம் கழித்து நாகர்கோவிலில் ஒரு விழாவில் பொன்னாடை போர்த்தினார்கள்.

அந்தக் கட்டுரை வந்த ஞாயிறுக்கு அடுத்த ஞாயிறு சிவதாணு வீட்டைவிட்டு வெளியே போகவில்லை. அதற்கடுத்த ஞாயிறு ஒரு கல்யாணம் இருந்தது. பிறகு ஜேசுதாஸுக்கு குலசேகரத்துக்கு மாற்றல் வந்தது. யாரும் சண்டை போடவில்லை. பேச்சு அப்படியே நின்றுபோயிற்று.

பதினெட்டு வருடம் கழித்து, இரண்டு பஸ் மாறி மயிலாடிக்குப் போய் ஜேசுதாஸின் வீட்டு வாசலில் நின்றார் சிவதாணு. கதவைத் திறந்தது ஜேசுதாஸின் மனைவி செல்லபாய். அங்கன்வாடியில் வேலை பார்த்தவர். சிவதாணு அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

"வாங்க சார்" என்றார் செல்லபாய். முகத்தில் வியப்பும் இல்லை, சந்தோஷமும் இல்லை.

ஜேசுதாஸ் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ஆள் பாதியாகியிருந்தார். அந்தப் புழுக்கத்திலும் முழுக்கைச் சட்டை போட்டிருந்தார். கிட்னி போய் இரண்டு வருடம் ஆகிறது, செவ்வாய், வியாழன், சனி டயாலிசிஸ் என்று செல்லபாய் சொன்னார். மகன் அனிஷ் மஸ்கட்டில் இருக்கிறான், அவன்தான் பார்த்துக்கொள்கிறான். சிவதாணுவுக்குப் பால் விடாத கட்டன்சாயா வந்தது. ஜேசுதாஸ் தன் டம்ளரில் ஒரு மடக்கு தண்ணீர் மட்டும் குடித்து மூடி வைத்தார்.

"ஒரு நாளைக்கு எனக்கு இவ்வளவுதான் கணக்கு, பாத்துக்கிடுங்க."

சிவதாணு வந்த காரியத்தைச் சொன்னார். "வழி கொஞ்சம் மறந்து போச்சு வே" என்று முடித்தார்.

ஜேசுதாஸ் டம்ளரின் மூடியைச் சரிசெய்தார். பிறகு, "மறந்திருக்கும். ரெண்டு தடவதானே வந்திய" என்றார். குரலில் குத்தல் எதுவும் இல்லை. "சொன்னாலும் வெளங்காது. பழைய டவரை மாத்திட்டானுவ. நானே வாறேன்."

"நீங்க எங்க வாறிய? நாலு படி ஏற முடியல்ல" என்றார் செல்லபாய்.

"ஞாயித்துக்கெழமைதானே? சும்மாதான் கெடக்கேன். ஜீப்பு போற வரைக்கும் போயி, வழியைக் காட்டிட்டு இருந்துக்கிடுதேன்." அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்திருந்தது. "அந்தப் பிள்ளை என்ன கேக்கும் சார்? நம்ம நோட்டெல்லாம் கேக்குமா?"

"கேக்கும், கேக்கும்" என்றார் சிவதாணு.

அந்த ஞாயிறு காலையில் ஆரல்வாய்மொழியிலிருந்து காட்டு இலாகா ஜீப்பில் கிளம்பினார்கள். ஓட்டியவர் மகேஷ்குமார் என்ற வனக்காவலர். திண்டுக்கல் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்து ஆறு மாதம்தான் ஆகிறது என்றார். முன் இருக்கையில் ஜேசுதாஸ் உட்கார்ந்து, "இங்கன திரும்புங்க தம்பி", "அந்த முள்ளுக்குப் பின்னால தடம் இருக்கு" என்று சொல்லிக்கொண்டே வந்தார். வெளுத்த சட்டை, பாலீஷ் போட்ட செருப்பு. சர்ச்சுக்குப் போக வைத்திருந்த சட்டையாக இருக்க வேண்டும்.

ஒரு டவரின் அடியில் தடம் முடிந்தது. எல்லோரும் இறங்கினார்கள். ஜேசுதாஸ் பத்தடி நடந்து பார்த்தார். மூச்சு இளைத்தது. டவரின் கான்கிரீட் காலில் கையூன்றிக்கொண்டு நின்றுவிட்டார்.

சிவப்ரியா காமிராப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே சிவதாணுவிடம் கேட்டாள். "இவங்க யாருன்னு சொல்லவே இல்லையே சார்?"

சொல்வதற்கு அதுதான் சமயம். இடம் இவர் கண்டுபிடித்தது, படம் இவர் வரைந்தது என்று இரண்டு வாக்கியம் போதும். ஆனால் அந்தப் பெண் தன் பையில் கட்டுரையின் நகலை வைத்திருந்தாள். வழியெல்லாம், உங்கள் கட்டுரையைப் படித்துத்தான் இந்தத் துறைக்கே வந்தேன் என்று சொல்லிக்கொண்டு வந்திருந்தாள். சிவதாணுவின் வாயில் வேறொன்று வந்தது.

"நம்ம லைன்மேன். ஆபீஸ்ல இருந்தாரு. இங்கத்த வழியெல்லாம் தெரியும்னு கூட்டிட்டு வந்தேன்."

ஜேசுதாஸ் நாலடி தூரத்தில்தான் நின்றார். அவர் திரும்பவில்லை. பொத்தையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மகேஷ்குமாரை அருகில் அழைத்தார். அதற்குப் பிறகு சொன்னதையெல்லாம் மகேஷ்குமாரிடம்தான் சொன்னார்.

"தம்பி, இந்த ஓடையைப் பிடிச்சு மேல போங்க. ரெண்டு குத்துக்கல்லு நிக்கும். ஒண்ணு நேர நிக்கும், ஒண்ணு சாஞ்சிருக்கும். சாஞ்ச கல்லு எந்தப் பக்கம் பாக்குதோ அந்தப் பக்கம் ஏறணும். ஏறினா ஒரு பெரிய ஆலமரம். அதுக்கு வலத்த ஒரு நூறு அடி. குனிஞ்சு போணும், தேனீ இருக்கும், சத்தம் போடாதீங்க."

சொல்லிவிட்டு ஜீப்பின் படியில் போய் உட்கார்ந்தார்.

சொன்னபடியே எல்லாம் இருந்தது. குத்துக்கற்களைப் பார்த்ததும் சிவப்ரியா நாடாவை எடுத்து அளக்க ஆரம்பித்தாள். "இதைப் பத்தி உங்க கட்டுரையில ஒண்ணுமே இல்லையே சார்" என்றாள். சிவதாணுவுக்கு அப்படி இரண்டு கல் அங்கே நின்றதே நினைவில் இல்லை. "இடம் போதாதுன்னு பத்திரிகையில விட்டிருப்பாங்க" என்றார். ஒரு பொய் சொன்னால் அடுத்தது எவ்வளவு எளிதாக வருகிறது என்று அவருக்கே அருவருப்பாக இருந்தது.

மூன்று பேரும் குனிந்து குடைவுக்குள் நுழைந்தார்கள். பாறையின் பாதி கரி பிடித்துக் கிடந்தது. யாரோ அடுப்புக் கூட்டிச் சமைத்திருந்தார்கள். மூலையில் பாட்டில்கள். மேலேயிருந்து நீர் கசிந்து, சுவர் நெடுகிலும் உப்பு பூத்திருந்தது. அந்த வெள்ளைக்கும் கரிக்கும் இடையில் அங்கங்கே காவித் தீற்றல்கள். தெரிந்தவர் சொன்னால்தான் ஓவியம் என்று தெரியும்.

சிவப்ரியா கட்டுரையின் நகலை விரித்து, பாறையையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து விரலால் காற்றில் கோடு போட்டாள்.

"ஏழு பேர் கைகோத்து நிக்கிறாங்க உங்க படத்துல. இங்க மூணு பேர்கூட முழுசா இல்ல சார். இந்த மான், இந்தச் சின்ன உருவம், எதுவுமே இப்ப இல்ல. இனிமே உங்க படம் மட்டும்தான் ஆதாரம்." பிறகு அவரைத் திரும்பிப் பார்த்தாள். "எவ்வளவு நிதானமான கை சார் உங்களுக்கு. ஒவ்வொருத்தர் நிக்கிற விதமும் வேற வேறயா இருக்கு. இதை வரைய எத்தனை நாள் ஆச்சு?"

சிவதாணு ஒரு கல்லில் உட்கார்ந்தார். எத்தனை நாள் ஆயிற்று என்று அவருக்குத் தெரியாது. அவர் ஒருபோதும் கேட்டதில்லை.

"நான் வரையல்லம்மா" என்றார்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். ஓவர்டைம் படிவத்திலிருந்து தொடங்கி, பெயரை எடுத்தது, பொன்னாடை, கீழே டவரடியில் சொன்னது வரை. சிவப்ரியா டார்ச்சை அணைத்துவிட்டு நின்றாள்.

"இதைக் கீழயே சொல்லியிருக்கலாமே சார்" என்றாள் கடைசியில். மரியாதை குறையவில்லை, ஆனால் காலையில் இருந்த குரல் இல்லை அது.

"சொல்லியிருந்தா அவரைத் தூக்கிட்டாவது வந்திருப்பேன். அம்பது கிலோகூட இருக்க மாட்டாரு" என்றார் மகேஷ்குமார்.

இறங்கி வந்தபோது ஜீப்பில் ஜேசுதாஸ் இல்லை. கூப்பிட்டுப் பார்த்தார்கள். டவரைத் தாண்டி ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெண், அவர் தடத்தோடு மெல்ல நடந்து ரோட்டுக்குப் போய், பன்னிரண்டரை பஸ்ஸில் ஏறிவிட்டார் என்றாள். ரோடு ஒன்றரைக் கிலோமீட்டர். போகிற வழியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்துதான் போனார் என்றும் சொன்னாள்.

"இப்பவே அவங்க வீட்டுக்குப் போயிரலாம் சார்" என்றாள் சிவப்ரியா.

"வேண்டாம்மா. நானே போய்ச் சொல்லுதேன். இது நான் சொல்ல வேண்டிய காரியம்."

அவள் அதை மதித்து விட்டுவிட்டாள். தொகுப்பில் பெயரையும் விவரத்தையும் மாற்றிவிடுவதாகச் சொன்னாள்.

மறுநாள் போவதாக இருந்தார். மறுநாள் போகவில்லை. அந்த வாரம் போகவில்லை. என்ன சொல்லித் தொடங்குவது என்று பாத்திரம் கழுவும் குழாயடியில் நின்றுகூட யோசித்தார். பங்குனியில் ஒருநாள் மயிலாடி வரை பஸ்ஸில் போனார். நிறுத்தத்தில் இறங்கி, ஒரு கடையில் எலுமிச்சை பிழிந்த நாரங்காவெள்ளம் குடித்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்தார். அச்சில் செய்த தப்பை அச்சில்தான் திருத்த வேண்டும், புத்தகம் வரட்டும், அதைக் கையில் கொடுத்தால் பேச வேண்டியதே இருக்காது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். மனைவி தாணம்மாள் இரண்டு முறை, "அந்த ஜேசுதாஸ் எப்படி இருக்காரு?" என்று கேட்டாள். இருக்கார் என்றார்.

ஆவணியில் ஒருநாள் தெரியாத எண்ணிலிருந்து இரண்டு முறை போன் வந்தது. தெரியாத எண்களை அவர் எடுப்பதில்லை.

ஐப்பசியில் கூரியரில் புத்தகம் வந்தது. கூனிப்பொத்தைக்கு மட்டும் ஆறு பக்கம். தலைப்பு 'ஜேசுதாஸ் குடைவு'. கண்டறிந்தவரும் வரைந்தவரும் அவர் என்று முதல் பத்தியிலேயே இருந்தது. சிவதாணு அன்றே புறப்பட்டார். வானம் மூடிக் கிடந்தது. வீட்டு வாசலில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். செல்லபாய் வெள்ளைச் சேலையில் வந்து கதவைத் திறந்தார்.

சிவதாணுவுக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும், "எப்போ?" என்று கேட்டார்.

"ஆவணி பதினேழு. டயாலிசிஸ் முடிஞ்சு வந்து படுத்தாவ. எழும்பல்ல. அனிஷ் உங்களுக்கு ரெண்டு தடவ போன் அடிச்சானே சார்."

உட்காரச் சொன்னார். சிவதாணு புத்தகத்தை எடுத்து, அந்தப் பக்கத்தை விரித்து நீட்டினார். செல்லபாய் கண்ணாடி இல்லாமல் தலைப்பை மட்டும் எழுத்துக்கூட்டிப் படித்தார். மடியில் வைத்துக்கொண்டார்.

"மேல போனதும் அந்தப் பிள்ளைகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன் டீச்சர். எறங்கி வந்து பாத்தா அவரு இல்ல."

"பெறவு ஆறு மாசம் உசுரோட இருந்தாவளே சார்."

கோபமாகச் சொல்லவில்லை. நாள் எண்ணிப் பார்த்துச் சொன்னதுபோல் இருந்தது. சிவதாணு தரையைப் பார்த்தார்.

"பேப்பர்ல பேரு போடாதது பெரிய காரியம் இல்ல" என்றார் செல்லபாய். "அன்னைக்கே வாங்கிட்டு வந்து எனக்கு வாசிச்சுக் காட்டினாவ. சாரு நல்லா எழுதியிருக்காருன்னாவ. அடுத்த ஞாயிறு பைக்கைத் தொடச்சு வச்சிட்டு உங்களுக்காக இருந்தாவ. அதுக்கடுத்த ஞாயிறும் இருந்தாவ. நீங்க ஏன் வரல்லன்னுதான் அவியளுக்கு விளங்கல்ல. நம்ம என்ன தப்பு செஞ்சோம்னு என்கிட்ட கேட்டாவ."

சிவதாணு ஏதோ சொல்ல வாயெடுத்தார். செல்லபாய் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அதெல்லாம் மறந்து போச்சு. நீங்க தை மாசம் வந்த அன்னைக்கு ராத்திரி எவ்வளவு பேசினாவ தெரியுமா? பழைய நோட்டெல்லாம் எடுத்து தூசி தட்டி வச்சாவ. ஜீப்புல போயிட்டு வந்த அன்னைக்குச் சோறு வேண்டாம்னுட்டாவ. 'லைன்மேன்னு சொன்னாரு, செல்லம்'னாவ. லைன்மேன்தானே நீங்க, அதுல என்னன்னு கேட்டேன். 'ஆமா, லைன்மேன்தான்'னாவ. கொஞ்சம் கழிச்சு மறுபடியும் அதையே சொன்னாவ. கடைசி வரைக்கும் எப்பவாவது நெனச்சுக்கிட்டுச் சொல்லுவாவ." அவர் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார். "அவியளுக்கு உங்க மேல வருத்தம் இல்லன்னு நான் சொல்ல மாட்டேன் சார். அப்படிச் சொன்னா உங்களுக்கு ஆறுதலா இருக்கும். ஆனா அது உண்மை இல்ல."

தெருவில் ஒரு ஆட்டோ போனது.

செல்லபாய் மடியிலிருந்த புத்தகத்தைத் தடவிக்கொண்டே கேட்டார்: "அங்க அப்படி என்னதான் இருக்கு சார்? நான் பாத்ததில்ல. பொம்பளையால ஏற முடியாதுன்னுட்டாவ."

"ஆளுங்க நிக்காங்க டீச்சர். ஏழு பேரு. கைகோத்துக்கிட்டு."

"பெரிசா இருக்குமா?"

"இல்ல. ஒவ்வொண்ணும் ஒரு சாண்தான்."

"ஒரு சாணா?" செல்லபாய் தன் கையை விரித்துப் பார்த்தார். "அதுக்கா இவ்வளவு?"

"முதல்ல நிக்க ஆளு கொஞ்சம் உயரம்" என்று சிவதாணு சொல்ல ஆரம்பித்தார். "அடுத்தவன் காலை அகட்டி நிக்கான், ஆடுத மாதிரி. மூணாவது ஒரு பெண்ணா இருக்கும்னு நெனைக்கேன், முடி இப்படிப் பின்னால..."

தகரக் கூரையில் மழை விழுந்தது. "உணக்கப் போட்ட துணி கெடக்கு" என்று செல்லபாய் புத்தகத்தை நாற்காலியில் வைத்துவிட்டுக் கொல்லைப்புறம் போனார். சிவதாணு காத்திருந்தார். கொடியிலிருந்து துணிகளை இழுக்கும் சத்தம் கேட்டது. கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு அடுக்களையில் பாத்திரங்கள் உருளும் சத்தம். செல்லபாய் திரும்பி முன்னறைக்கு வரவில்லை. கால் மணி நேரம் பார்த்துவிட்டு சிவதாணு எழுந்தார். "வாறேன் டீச்சர்" என்று உள்ளே பார்த்துச் சொன்னார். மழைச் சத்தத்தில் அது கேட்டதோ என்னவோ. செருப்பை மாட்டிக்கொண்டு, குடையை விரிக்காமலே பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தார்.